சைக்கிள் வால்வு டியூபும் கடற்கரை மணலும் - வீட்டில் செய்யும் அறிவியலின் கதை

அறிவியல் சோதனை என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டிய கண்ணாடி பீரோ. உள்ளே தூசி படிந்த பிப்பெட், பியூரெட். "தொடாதே, உடைஞ்சா பைன் கட்டணும்" என்ற எச்சரிக்கை. ப்ளஸ் டூ வந்ததும் அந்த பீரோ வருஷத்துக்குச் சில நாட்கள் திறக்கும். ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கிக் காப்பி அடித்தால் வேலை முடிந்தது. விடை முன்பே தெரியும், அதற்கேற்ற அளவுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதிவிட வேண்டியதுதான்!

இதற்குப் பெயர் சோதனையா? சோதனை என்றால் விடை தெரியாமல் இருக்க வேண்டும் அல்லவா?

திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு வழியாகக் கன்னியாகுமரி போகும் கடற்கரைச் சாலையில், தூத்துக்குடி மாவட்டம் முடியும் இடத்தில் இருக்கிறது பெரியதாழை. முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய கடற்கரையின் தென்பகுதி. அதைத் தாண்டினால் உவரி, திருநெல்வேலி மாவட்டம். இப்படி ஒரு ஊரில் பிறக்கும் குழந்தைக்கு அறிவியல் எங்கே கிடைக்கும்? கண்ணாடி பீரோவில்தான் என்றால், பீரோ இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அறிவியலே இல்லை என்றாகிவிடும். ஆனால் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. காசு இல்லாத இடத்தில், வீட்டுச் சாமான்களை வைத்து, கண்ணால் பார்த்துச் செய்த அறிவியலுக்கு நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம் தூத்துக்குடிச் சீமைக்கும் பங்கு உண்டு.

ஐயோ சயின்ஸ் பாடமா என்று ஓடிவிடாதீர்கள். இது பாடம் இல்லை, கதைதான்.

ஒரு மெழுகுவர்த்தியின் விலை

லண்டனில் ஒரு கொல்லரின் மகன். குடும்பத்தில் வறுமை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையன், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்து அறிவியல் கற்றுக்கொண்டான். அவன்தான் மைக்கேல் ஃபாரடே. இன்று நம் வீட்டுக்கு மின்சாரம் வருவதற்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831-ல் கண்டுபிடித்தவர்.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-ல் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கின. ஃபாரடே மட்டும் 19 ஆண்டுகள் இதில் பேசியிருக்கிறார். 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு மெழுகுவர்த்தி. ஆறு சொற்பொழிவுகள், எல்லாம் ஒரே மெழுகுவர்த்தியைப் பற்றி! மெழுகு எப்படித் திரியில் ஏறுகிறது, எரிவது மெழுகா அதன் ஆவியா, சுடரில் எந்த இடம் அதிகச் சூடு, எரிந்த பிறகு மெழுகு எங்கே போனது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். 1861-ல் அது புத்தகமாக வந்தது. இன்றும் அச்சில் இருக்கிறது.

அதில் ஒரு சோதனையை யார் வீட்டிலும் செய்து பார்க்கலாம் (பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்). எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் வெள்ளையாக ஒரு புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல் அந்தப் புகையில் வையுங்கள். தீ புகை வழியாகக் கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திட மெழுகு அல்ல, மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். செலவு, ஒரு மெழுகுவர்த்தியும் இரண்டு தீக்குச்சியும்.

புத்தகம் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

மெழுகுவர்த்தியில் இன்னொரு சோதனையும் பிரபலம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரால் மூடுவது. சுடர் அணையும், டம்ளருக்குள் தண்ணீர் ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று எத்தனையோ புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நாமும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்போம்.

ஆனால் கண்ணைத் திறந்து பார்த்தால் இடிக்கிறது. சுடர் எரியும்போதே ஆக்சிஜன் குறைகிறது என்றால், தண்ணீர் அப்போதிலிருந்தே சீராக ஏற வேண்டும். ஆனால் பெரும்பகுதி சுடர் அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறுகிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதையும் பார்க்கலாம். அடுத்து, ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்துப் பாருங்கள். அதே டம்ளர், அதே அளவு ஆக்சிஜன். ஆனால் தண்ணீர் முன்பைவிட உயரமாக ஏறும்!

காரணம் வெப்பம். சுடரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளியில் இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்தி என்றால் சூடு அதிகம், சுருக்கமும் அதிகம். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதுகூட இல்லை, கணிசமான பங்கு மிச்சம் இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும்.

இதில் முக்கியமானது என்ன தெரியுமா? அச்சிட்ட புத்தகத்தில் இருக்கும் தவறை ஒரு பத்து வயதுப் பிள்ளை இரண்டு மெழுகுவர்த்தி கூடுதலாக வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். வீட்டுச் சோதனையின் உண்மையான பலமே இதுதான். ஆசிரியர் சொன்னார், புத்தகத்தில் இருக்கிறது, பெரியவர்கள் சொன்னார்கள் என்பதைத் தாண்டி "செய்து பார்ப்போமே" என்று சொல்லும் தைரியம்.

போரில் இடிந்த பள்ளிகளிலிருந்து வந்த புத்தகம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பல நாடுகளில் பள்ளிக்கூடங்களே இல்லை, ஆய்வகங்களுக்கு எங்கே போவது? அந்த நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டது. எழுதியவர் ஸ்டீபன்சன் என்ற ஆங்கிலேய ஆசிரியர். டப்பா, பாட்டில், கம்பி, மரக்கட்டை என்று கையில் கிடைப்பதை வைத்து ஆய்வகக் கருவிகளைச் செய்வது எப்படி என்று அதில் சொல்லியிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், போரையே பார்க்காத நாடுகளிலும் அதற்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டது. குண்டு விழாவிட்டாலும் ஏழை நாட்டுப் பள்ளிகளின் நிலைமை அதேதானே! அதை விரிவாக்கி 1956-ல் அறிவியல் கற்பித்தலுக்கான மூலநூல் ஒன்றை யுனெஸ்கோ கொண்டுவந்தது. பல மொழிகளில் போனது, பல பதிப்புகள் கண்டது. நமக்குத் தெரிந்த "நீங்களே செய்து பாருங்கள்" வகைப் புத்தகங்களில் வரும் சோதனைகள் பலவற்றுக்கு இதுதான் தாய்வீடு.

ஹோஷங்காபாத்: முப்பது வருஷப் பரிசோதனை

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம் (இன்று அதன் பெயர் நர்மதாபுரம்). 1972-ல் கிஷோர் பாரதி, ரசூலியா ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கின. மனப்பாடம் கிடையாது. பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்வார்கள், பார்த்ததை எழுதுவார்கள், விவாதிப்பார்கள், முடிவுக்கு அவர்களே வருவார்கள். பாடப் புத்தகத்தில் கேள்வி இருக்கும், விடை இருக்காது! பரீட்சைக்குப் புத்தகத்தைக் கொண்டு போகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 1978-ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. பிறகு 1982-ல் தொடங்கிய ஏகலவ்யா என்ற அமைப்பு அதை எடுத்து நடத்தியது.

இந்தத் திட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்து, லாரி தயாரிக்கும் பெரிய நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்தவர். கிராமத்துச் சந்தைகளில் சுற்றி, மலிவாக என்னென்ன கிடைக்கிறது என்று பார்த்தார். அப்போது கண்ணில் பட்டது சைக்கிள் வால்வு டியூப். மெல்லிய ரப்பர் குழாய். அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சி செருகினால் ஒரு மூட்டு தயார். மூன்று குச்சி சேர்த்தால் முக்கோணம், நான்கு சேர்த்தால் சதுரம். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்து நெளியும். முக்கோணம் அசையாது. பாலங்களிலும் செல்போன் டவர்களிலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பதற்கு விடை கையிலேயே இருக்கிறது! அவர் செய்த நூற்றுக்கணக்கான பொம்மைகளின் செய்முறைகள் தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் திட்டத்தின் முடிவு சந்தோஷமானதல்ல. 2002-ல் மத்தியப் பிரதேச அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் ஓடிய ஒரு முயற்சி பாடப் புத்தகத்துக்கும் வழக்கமான பரீட்சைக்கும் திரும்பியது. பல நாடுகளின் கல்வியாளர்கள் கவனித்த ஒரு திட்டத்தையே ஒரு அரசாணையால் நிறுத்த முடியும் என்பது நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

பெருங்குளத்து வக்கீலும் துளிரும்

சரி, தமிழுக்கு வருவோம். வீட்டில் சோதனை செய்ய வேண்டுமென்றால் முதலில் அதை வீட்டு மொழியில் சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் பெ. நா. அப்புசாமி. 1891-ல் பெருங்குளத்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. தொழில் வக்கீல். ஆனால் 1917 முதல் தமிழில் அறிவியல் எழுத ஆரம்பித்தார். 1986-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய எழுபது வருஷம், அந்த வேலையை விடவே இல்லை. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சொல்லிக் காட்டியே பதில் கொடுத்தவர்.

அடுத்து பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம். பத்துத் தொகுதிகள். படங்களோடு, பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில். பழைய நூலகங்களில் இன்னும் சில பிரதிகள் இருக்கும். கிடைத்தால் புரட்டிப் பாருங்கள்.

1980-ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் உருவானது. கேரளத்தில் 1962 முதலே இயங்கிவந்த சாஸ்திர சாகித்ய பரிஷத் இதற்கு முன்னோடி. 1987-ல் இந்தியாவின் பல மூலைகளிலிருந்து அறிவியல் கலைப் பயணங்கள் கிளம்பி போபாலில் போய்ச் சேர்ந்தன. அதே 1987-ல் தமிழ்நாடு, புதுவை அறிவியல் இயக்கங்கள் சேர்ந்து சிறுவர்களுக்காகத் தொடங்கிய மாத இதழ்தான் "துளிர்". ஊர் ஊராகத் துளிர் இல்லங்கள் தோன்றின. ஆசிரியரோ கல்லூரி மாணவரோ யாராவது ஒருவர் பிள்ளைகளைக் கூட்டி, திண்ணையிலோ மரத்தடியிலோ காகிதம் மடித்து, பலூன் ஊதி, நட்சத்திரம் காட்டி அறிவியல் பேசினார்கள். பதினைந்து காசு போஸ்ட் கார்டில் குண்டூசியால் துளை போட்டுச் சூரியனின் பிம்பத்தைத் தரையில் விழவைப்பது போன்ற வித்தைகள் அப்படித்தான் கிராமங்களுக்குப் போயின. 2010 ஜனவரி 15 அன்று குமரி முதல் இராமேஸ்வரம் வரை கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது இந்த ஊசித்துளை வித்தை நன்றாகக் கைகொடுத்தது.

1993-ல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊரிலேயே ஒரு பிரச்சினையை எடுத்து, ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை கொடுக்கலாம். கண்ணாடி பீரோ தேவையில்லை. ஊர்க் குளத்துத் தண்ணீர், தெருக் குப்பை, வீட்டு அடுப்பு, எதுவும் ஆய்வுப் பொருள்தான். 2022 நவம்பரில் தமிழக அரசு 6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வானவில் மன்றமும் இதே வழியில் வந்ததுதான். சோதனைச் சாமான்களோடு ஒருவர் பள்ளி பள்ளியாகப் போய்ச் செய்து காட்டும் ஏற்பாடு.

பார்ப்பதும் ஒரு சோதனைதான்

சோதனைக்குச் சாமானாவது வேண்டும். இயற்கையைக் கவனிப்பதற்கு அதுவும் வேண்டாம். கண்ணும் பொறுமையும் போதும், ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் இன்னும் நல்லது.

திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன் இதற்கு நல்ல உதாரணம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை 46 வருஷம் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். யானை, காட்டெருமை பற்றி மட்டும் அல்ல. காக்கை, அணில், பல்லி என்று வீட்டைச் சுற்றி இருப்பவை பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். தமிழிலும் எழுதினார்.

இன்னும் பின்னால் போனால் சங்கப் பாடல்களின் நெய்தல் நிலம். கடற்கரைப் பெண்கள் நண்டைத் துரத்தி விளையாடுவது அதில் திரும்பத் திரும்ப வரும். மணல் மேல் படரும் அடும்பும் தாழையும் புன்னையும் அப்படித்தான். எழுதியவர்கள் நேரில் உற்றுப் பார்க்காமல் அந்த விவரங்கள் வந்திருக்காது. அதே அடும்பு இன்றும் நம் கடற்கரையில் படர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்தில் இராவணன் மீசை. பெரியதாழையின் பெயரிலேயே தாழை இருக்கிறது.

கடலுக்குப் போகிறவர்களின் அறிவு தனிக் கதை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர். கடலுக்குள் ஓடும் ஓட்டத்துக்கு நீவாடு என்று பெயர். கருவி இல்லாத காலத்தில் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, அதாவது ஒரு தேவாலயக் கோபுரத்தையும் தூரத்துப் பனையையும் ஒரே கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டை ஒரே கோட்டில் வைத்து, அந்தக் கோடுகள் வெட்டும் இடம்தான் நேற்று மீன்பட்ட இடம் என்று கண்டுபிடிப்பார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இது ஆயத்தொலை வடிவியல். கடலில் இது தினசரிப் பிழைப்பு. ஆனால் இதைத் தெரிந்த தாத்தாவை "படிக்காதவர்" என்கிறோம். அவர் பேரனுக்கு அதே விஷயத்தைப் புத்தகத்தில் படிக்கச் சொல்லி, வரவில்லை என்றால் மக்கு என்கிறோம். யார் மக்கு?

முத்துக்குளிப்பிலும் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. கடலடியில் சிப்பி வாழும் பாறைத் திட்டுகளை "பார்" என்பார்கள். எந்த வருஷம் முத்துக்குளிப்பு நடத்தலாம் என்று அரசு எப்படி முடிவு செய்தது? பாரிலிருந்து கொஞ்சம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். எண்ணுவார்கள், அழுகவிட்டுக் கழுவுவார்கள், எத்தனை முத்து, என்ன மதிப்பு என்று பார்ப்பார்கள். அதை வைத்து மொத்தக் கணக்கு. லாபம் வரும் என்றால்தான் அறிவிப்பு. புள்ளியியலில் படிக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு இதுவேதான்! தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது.

கடல் ஏன் நீலம்?

இந்தக் கேள்வியைக் கேட்காத கடற்கரைக் குழந்தை உண்டா? 1921-ல் சர் சி. வி. ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதுதான் கடலின் நீலம் என்பது அந்தக் காலத்துப் பெரிய விஞ்ஞானிகளின் விளக்கம். ராமனிடம் சட்டைப்பையில் வைக்கும் அளவுக்கு ஒரு சின்ன நிக்கல் பட்டகம் இருந்தது. அதன் வழியே குறிப்பிட்ட கோணத்தில் பார்த்தால் மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வெளிச்சம் மறைந்துவிடும். வானத்தின் பிம்பம் போனால் நீலமும் போக வேண்டும் அல்லவா? போகவில்லை. இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று எழுதினார். அங்கே தொடங்கிய தேடல்தான் 1928-ல் ராமன் விளைவாகவும் 1930-ல் நோபல் பரிசாகவும் முடிந்தது. தண்ணீர் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சிக்கொள்வதும் நீலத்துக்குப் பெரிய காரணம் என்று இன்று தெரியும். ஆனாலும் கப்பல் தளத்தில் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு பெரியவர்களின் விளக்கத்தைச் சோதித்துப் பார்த்த அந்த மனசுதான் முக்கியம்.

2004 டிசம்பர் 26

இதெல்லாம் பொழுதுபோக்கு, மார்க்குக்கு உதவாது என்று நினைப்பவர்கள் ஒரு நாளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தது. தாய்லாந்தின் புக்கெட் தீவில், மாய்க்காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துப் பொங்குவதைக் கவனித்தாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்தது ஞாபகம் வந்தது. கத்தி, அழுது, பெற்றோரை நம்பவைத்தாள். கடற்கரை காலியானது. ஏறக்குறைய நூறு பேர் பிழைத்தார்கள்.

நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் சுமார் எழுபதாயிரத்துக்கு மேல் மக்கள். அங்கே இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே என்று கணக்கு. காரணம் ஒரு பாட்டி கதை. 1907-ல் வந்த பேரலைக்குப் பிறகு "பெரிதாக நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு" என்பதைத் தாலாட்டாகவும் கதையாகவும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அந்த அலைக்கு அவர்கள் மொழியில் "ஸ்மோங்" என்று பெயர்.

தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். தூத்துக்குடிக் கரையில் அழிவு ஒப்பிட்டுப் பார்த்தால் குறைவு. இலங்கை பெருமளவு மறைத்துக்கொண்டது. பல இடங்களில் கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கக் கரைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் பாட்டிகளுக்கு அந்தக் கதை தெரியாது, நம் வகுப்புகளிலும் யாரும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் வகுப்பறை காப்பாற்றியது, இன்னொரு இடத்தில் பாட்டி கதை காப்பாற்றியது. இரண்டிலும் பொதுவானது ஒன்றுதான். பார்த்ததை அர்த்தப்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஒரு குழந்தை.

பெரியதாழையில் என்ன செய்யலாம்?

கதை போதும். பெரியதாழையிலோ பக்கத்து ஊர்களிலோ இருக்கும் ஒரு பிள்ளை காசில்லாமல் என்னென்ன செய்து பார்க்கலாம்? சில உதாரணங்கள்:

நிழலில்லா நாள்: ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும்போதும் பெரியதாழையில் சூரியன் நடு உச்சிக்கு வரும். நேராக நட்ட குச்சிக்கு அந்த நேரம் நிழலே இருக்காது. பன்னிரண்டு மணிக்குப் பார்த்து ஏமாறாதீர்கள்! ஏப்ரலில் பன்னிரண்டே காலைத் தாண்டித்தான் அங்கே உச்சி. நம் கடிகாரம் இன்னும் கிழக்கே இருக்கும் தீர்க்கரேகைக்கு வைத்தது. டெல்லிப் பிள்ளைகளுக்கு இந்தக் கொடுப்பினை வருஷத்தில் ஒரு நாளும் இல்லை. அதே நாளில் சென்னையில் ஒரு நண்பர் அங்கே நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரத்தில் ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளந்தால் சுமார் 8 செ.மீ. வரும். அது ஏறக்குறைய நாலே முக்கால் பாகைச் சாய்வு. இரண்டு ஊருக்கும் வடக்கு-தெற்கு இடைவெளி சுமார் 530 கி.மீ. 360-ஐ அந்தச் சாய்வால் வகுத்து, 530-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, 40 ஆயிரம் கி.மீ.க்குப் பக்கத்தில் வந்துவிடும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த கணக்கு இதுதான்.

உப்புக் கணக்கு: ஒரு லிட்டர் கடல்நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் காயவைத்தால் ஏறக்குறைய 35 கிராம் உப்பு மிஞ்சும். தூத்துக்குடி உப்பளங்களின் மொத்த வியாபாரமும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை செய்து வித்தியாசம் பாருங்கள்.

காந்தமும் மணலும்: பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்துப் பாலித்தீன் பையில் சுற்றி மணலில் துழாவினால் கறுப்பு மணல் ஒட்டும். இரும்பு கலந்த கனிமங்கள். சிவப்பாக மின்னுவது கார்னெட். 2013-ல் தமிழக அரசு தாதுமணல் எடுப்பதற்குத் தடை போட்டதும், அதைச் சுற்றி நடந்த சண்டைகளும் இந்தக் கறுப்பு, சிவப்புத் துகள்களுக்காகத்தான். தன் காலடி மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையை நாளைக்கு யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஓதமும் நிலவும்: கரையில் ஒரு கல்லில் கோடு போட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு அதிகமாக ஏறுகிறது என்று தினமும் குறிக்கலாம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நிலா உதிப்பதும் அதே கணக்கில் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் ஏன் அதிகம் என்ற கேள்வி தானாக வரும்.

தூண்டில் வளைவு: கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவின் ஒரு பக்கம் மணல் சேரும், இன்னொரு பக்கம் அரிக்கும். ஒரு பனையிலிருந்தோ வீட்டுச் சுவரிலிருந்தோ தண்ணீர் விளிம்புவரை மாதம் ஒருமுறை காலடியால் அளந்து எழுதினால், ஐந்து வருஷத்தில் அந்த நோட்டு ஒரு ஆவணம். "கடல் உள்ளே வருகிறது" என்று வாயால் சொல்வதற்கும், தேதி போட்டு அளவோடு மனுவில் எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

வரவு செலவு

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஃபாரடேயின் மெழுகுவர்த்தி முதல் அரவிந்த் குப்தாவின் வால்வு டியூப் வரை செலவுப் பக்கம் அநேகமாகக் காலிதான். ஆனால் காசு மட்டுமே தடை என்றால் ஹோஷங்காபாத் திட்டம் இன்றும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உண்மையில் தேவைப்படுவது நேரம், பொறுமை, பிள்ளை கேட்கும் கேள்விக்கு "தெரியலையே, செஞ்சு பார்ப்போமா?" என்று சொல்லும் ஒரு பெரியவர். அதுதான் கிடைப்பது அரிது. மார்க் வராத எதற்கும் நேரம் ஒதுக்க வீட்டிலும் பள்ளியிலும் மனசு வருவதில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏழெட்டு வயதில் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மூன்று மெழுகுவர்த்தி, ஒரு தட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் போதும். விடையை மட்டும் முதலில் சொல்லிவிடாதீர்கள்.